நாற்பத்தெட்டுக் குழாய்களின் நிழல்

ஆடி மாதம் மூன்றாவது புதன்கிழமை காலை, எட்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், கல்லுக்காட்டுப்புதூரில் செய்த இரும்புச் சாமான்கள் எல்லாம் தங்கள் உருவத்தில் நிழல் விழ விடுவதை நிறுத்திவிட்டு, எங்கே போய்ச் சேரப் போகின்றனவோ அந்த இடத்தின் உருவத்தில் விழ விட ஆரம்பித்தன. ஏன் என்று கேட்காதீர்கள். அந்த ஊரிலேயே யாரும் அதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டியிருந்தது.

கோயமுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஊர் அது. இரும்பு கடைகிற லேத் பட்டறை இருநூற்றுப் பத்து, ஆறு பேக்கரி, ஒரு மாரியம்மன் கோயில், அவ்வளவுதான். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு மீட்டர் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே மைக்ரான் என்றால் என்னவென்று தெரிந்துவிடும்: ஒரு தலைமுடியை எழுபதாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. சோறு போடுகிற அளவு அது.

நிழலை முதலில் பார்த்தவள் இந்துஜா. நாச்சிமுத்து பட்டறையில் செக்கிங் டேபிளில் உட்காருகிற பெண், பத்தொன்பது வயது, பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் விடவில்லை, காத்திருக்கப் பிடிக்காமல் விட்டாள். எதையும் காத்திருந்து செய்வது அவளுக்கு ஆகாது. லேத்திலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சாமானையும் அளந்து, டிராயிங்கில் போட்டிருக்கிற அளவுக்குச் சரியாக இருந்தால் ‘ஓகே’ சீல், தப்பினால் சுத்தியலால் தட்டி ‘ஆர்’ என்ற எழுத்து. ஆர் என்றால் ரிஜெக்ட். அவள் சீல் இல்லாமல் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு திருகுகூட வெளியே போகாது.

அன்றைக்கு அவள் டேபிளில் வைத்தது ஒரு தண்ணீர் பம்புக்கான இரும்பு வளையம், புஷ் என்பார்கள். அதன் நிழல் ஒரு கிணறாக விழுந்தது. கிணற்று மேட்டில் ஒரு ஆள் குத்தவைத்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான், பற்றவில்லை, மறுபடி உரசினான். கறை என்று நினைத்து அவள் பனியன் துணியால் துடைத்தாள். அந்த ஆள் துடைபடாமல் பீடியைப் பற்றவைத்துவிட்டான்.

“அம்மிணி, டேபிள்ல என்ன கறை?” என்று நாச்சிமுத்து வந்து கேட்டார். பட்டறை அவருடையது, முதலாளி என்றால் கோபித்துக்கொள்வார், அண்ணா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

“கறை இல்லீங்கண்ணா. கெணறு.”

அவர் குனிந்து பார்த்தார். “தண்ணி எத்தன அடியில கெடக்குது?”

“தெரியலீங்க.”

“சரி, சீலப் போடு. வண்டி நிக்குது.”

இப்படித்தான் அந்த ஊருக்குள் அற்புதம் வந்தது. மாவு மில்லுக்குப் போகிற ஷாஃப்ட்டின் நிழலில் யாரோ ஒரு அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டு தும்மினாள். லிஃப்ட்டுக்குப் போகிற பல்சக்கரத்தின் நிழலில் ஒரு டை கட்டின ஆள் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகிற திருகின் நிழலில் ஒரு கால் மட்டும் தெரிந்தது, அந்தக் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தது. பேக்கரியில் டீக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இதையே பேசினார்கள்.

“டேய், உன்ற ஷாஃப்ட் நெழலப் பாத்தேன். எருமையாட்டம் ஒண்ணு நிக்குது.”

“அது எருமை இல்லடா. வாங்குனவனோட மாமனாரு.”

“உன்ற மாமனாரு மாதிரியே இருந்துச்சு, அதான் கேட்டேன்.”

கோயில் பூசாரி ஒவ்வொரு பட்டறைக்கும் வந்து விபூதி போட்டுவிட்டுப் போனார். மகனை மஸ்கட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு நாலு வருஷமாகப் பார்க்காத ஒரு அம்மா, மஸ்கட்டுக்குப் போகிற சாமான் எந்தப் பட்டறையில் ஓடுகிறது என்று விசாரித்து விசாரித்துப் போய், வாசல் ஓரமாக நின்று நிழல்களைப் பார்ப்பாள். ஒருநாள் முதுகு மட்டும் தெரிகிற ஒரு ஆளைப் பார்த்துவிட்டு, மெலிஞ்சுட்டான் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மற்றபடி யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆறு வாரத்தில் நிழலைப் பார்க்கவே யாருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கல்லுக்காட்டுப்புதூருக்கு வேலை கொண்டுவருகிறவர்கள் ஏஜண்டுகள். கம்பெனியிடம் டிராயிங்கை வாங்கி, அதில் வலது பக்கம் கீழ் மூலையில் கம்பெனி பெயரும், அது என்ன மெஷினுக்கான சாமான் என்பதும் எழுதியிருக்கும் இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துவிட்டுத்தான் பட்டறைக்காரர் கையில் கொடுப்பார்கள். பெயர் தெரிந்தால் பட்டறைக்காரர் நேரே கம்பெனிக்குப் போய் வேலை கேட்டுவிடுவார் என்று பயம். அறுபது வருஷமாக இதுதான் பழக்கம். அதனால் அந்த ஊரில் யாரும் எதற்காகச் செய்கிறோம் என்று கேட்டதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. வெட்டின மூலையைப் பார்த்துப் பார்த்து, காகிதம் என்றாலே மூன்று மூலைதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

அப்படி மூலை வெட்டின ஒரு டிராயிங்கைத்தான் ஏஜண்ட் சுந்தரேசன் புரட்டாசியில் நாச்சிமுத்துவிடம் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத ஆள். இரண்டு சாண் நீளத்தில் குழாய், தம்ளர் விளிம்பு மாதிரி மெல்லிசான சுவர், கொடுத்த இரும்போ கத்தியை முறிக்கிற இரும்பு. மொத்தம் நாற்பத்தெட்டு. ஆறு மைக்ரானுக்கு மேல் தப்பக்கூடாது. ரங்கசாமிதான் கடைய வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ரங்கசாமி, இந்துஜாவின் அப்பா. அதே பட்டறையில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டுகிறவர். அளக்கிற மீட்டரைப் பார்க்கும் முன்னால் கட்டை விரலை இரும்பில் ஒருதரம் ஓட்டுவார். விரல் சொன்னதைத்தான் மீட்டரும் சொல்லும். ஊரில் ஒரு வேலை சுத்தமாக இருந்தால் ‘ரங்கசாமி கை’ என்பார்கள், இட்லி பூவாக வந்தால்கூட அப்படித்தான் சொல்வார்கள். அவர் கடைந்ததை மகள் மூன்று வருஷமாக அளக்கிறாள், ஒரு தடவைகூட ஆர் அடித்ததில்லை. அவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. சொந்த வீடு இல்லை, பெண்சாதி செத்து ஒன்பது வருஷம் ஆயிற்று, சினிமா பார்க்க மாட்டார். கை மட்டும்தான்.

பதினோரு நாள் கடைந்தார். பேசாமல் கடைந்தார், சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார், பன்னிரண்டாம் நாள் காலையில் முதல் குழாயைத் துடைத்து மகளிடம் கொண்டுவந்து, “அளந்து பாரு கண்ணு” என்று கொடுத்துவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

அவள் ஜன்னலோரம் டேபிளில் அதை நிமிர்த்தி வைத்தாள். வெயில் அடித்தது. நிழல் விழுந்தது.

ஒரு தெரு. நாலு மாடி வீடு ஒன்று, மொட்டை மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள், இரண்டு கையும் மேலே, வாயில் ஒரு கிளிப். கீழே ஒருவன் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்கிறான். நாய் ஒன்று பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிகிறது. மற்ற நிழல்களில் ஆட்கள் அசைவார்கள், இதில் யாரும் அசையவில்லை. நாய் காலைக் கீழே போடட்டும் என்று இந்துஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். போடவில்லை. குழாயைக் கையில் எடுத்தாள். நிழல் டேபிளிலேயே இருந்தது.

இரண்டாவது குழாயை வைத்தாள். வேறு தெரு, பஸ் நிற்கும் இடம், ஏழெட்டுப் பேர், ஒருத்தி குழந்தையின் மூக்கைச் சிந்திவிடுகிறாள். எடுத்தாள். அதுவும் அங்கேயே இருந்தது. மத்தியானத்துக்குள் டேபிள் நிறைந்து, தரை நிறைந்து, சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் ஒரு முழு டவுன் ஒட்டிக்கொண்டது. தின்னர் ஊற்றித் தேய்த்தார்கள், கம்பி பிரஷ் போட்டார்கள், சிமெண்டுதான் பெயர்ந்தது. கடைக்குப் போகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், பல் விளக்குகிறவர்கள் எல்லோரும் அப்படியப்படியே நின்றார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னவற்றில் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று: ஜப்பானில் குண்டு விழுந்த ஊரில், பேங்க் வாசல் படியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் போய்விட்டான், அவன் நிழல் மட்டும் கல்லில் இருந்தது. அந்த மாதிரிக் குண்டுக்கு வேண்டிய மருந்தை இப்போது மெல்லிசான குழாய்களில் போட்டுச் சுழற்றித்தான் பிரித்தெடுக்கிறார்கள் என்றும் அதே டீச்சர் சொல்லியிருந்தாள்.

“அண்ணா, இது அணுகுண்டு சமாச்சாரமுங்க” என்றாள். “அதுக்கு மருந்து பிரிக்கற மெஷினுக்குப் போற கொழாயி. அந்த மருந்து குண்டுல போயி, குண்டு இந்த ஊர்ல விழுகப்போகுது. இவங்கெல்லாம் அப்பத் தெருவுல இருக்கப்போறவங்க.”

நாச்சிமுத்து அந்தச் சுவரையே பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர்; அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பிறகு அவர் கேட்டது: “எந்த ஊரு அம்மிணி அது?”

அந்தக் கேள்வி பேக்கரிக்குப் போய், ஊரே வந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள், எழவு வீட்டுக்கு வருகிற மாதிரி. பேச்சில்லாமல் சுவரையும் தரையையும் தேடினார்கள். என்ன தேடினார்கள் தெரியுமா? கோபுரம் இருக்கிறதா என்று.

“கோபுரம் இல்லீங்க.”

“ஆட்டோவும் காணம் பாருங்க. ஒரு ஆட்டோ இல்லாத ஊரு நம்ம பக்கம் ஏது?”

“கரண்டுக் கம்பம் வேற தினுசா இருக்குது.”

“துணி காயப்போடறது மட்டும் நம்மவளாட்டமே இருக்குதே, கிளிப்ப வாயில கடிச்சுக்கிட்டு” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. எல்லோரும் மறுபடி குனிந்து அந்த மொட்டை மாடியைப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எல்லா ஊர்லயும் துணி காயத்தான போடுவாங்க” என்றார். அப்பாடா என்று அத்தனை பேரும் மூச்சுவிட்டது இந்துஜாவின் காதில் விழுந்தது. நம்ம ஊரு இல்லை. வேற ஊரு. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். யாராவது அழுதார்கள் என்று சொன்னால் அது பொய்.

ஆனாலும் உறுத்தல் இருந்தது. பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியாதல்லவா? அதனால் பட்டறைக்காரர் சங்கம் கூடியது. சங்கம் இரண்டு மணி நேரம் பேசி, இனிமேல் மூலை வெட்டாத டிராயிங்குக்குத்தான் வேலை செய்வோம் என்று தீர்மானம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒவ்வொரு பட்டறையிலும் நாலு பக்கமும் பெரிய விளக்கு போடுவது, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி, எந்தச் சாமானுக்கும் நிழலே விழாதபடி, ஏற்கெனவே ஒட்டிப்போன இடத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது, இதுதான் தீர்மானம். கைதட்டினார்கள். எட்டே நாளில் இருநூற்றுப் பத்துப் பட்டறையிலும் விளக்கு வந்துவிட்டது. பெயிண்ட் அடித்த தரை பளபளவென்று இருந்ததால், முன்பே இப்படிச் செய்திருக்கலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். மஸ்கட்காரனின் அம்மா வழக்கம்போல வந்து, நாலு பக்க வெளிச்சத்தில் வெறும் இரும்பைப் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போனாள்.

இந்துஜா இன்னும் சீல் போடவில்லை. நாற்பத்தெட்டுக் குழாயும் ரேக்கில் வரிசையாக இருந்தன. அவள் அளந்துவிட்டாள், ஒன்றுகூட நாலு மைக்ரானைத் தாண்டவில்லை. அப்பா தினமும் வந்து அவள் முகத்தைப் பார்ப்பார், அவள் ரிஜிஸ்டரில் குனிந்துகொள்வாள், அவர் போய்விடுவார்.

அந்த வாரம் ஒரு அதிகாரி வந்தார். வெளிநாட்டுக்குப் போகிற சாமான்களை, போகலாமா கூடாதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. பெயர் தியாகராஜன். வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்துஜா யாருடைய அனுமதியும் கேட்காமல் மூன்று பக்க விளக்கை அணைத்துவிட்டு ஒரு குழாயை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவருடைய ஃபைல் அட்டையின் மேலேயே நிழல் விழுந்தது. மார்க்கெட், ஒரு கிழவர் தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிறார்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலால் அந்தக் கிழவரைத் தொட்டார்.

“நம்பறீங்களா சார்?”

“நம்பறேம்மா. ஆனா இதை எங்கே எழுதறது? ஃபாரத்துல நிழலுக்குக் கட்டம் கிடையாது. எதுக்குப் பயன்படும்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல வாங்கறவர் பால் பண்ணை மெஷின்னு எழுதிக் கொடுத்திருக்கார்.”

“பொய்யின்னு தெரியுதுல்ல?”

“தெரியுது. ஒண்ணு செய்யலாம். இந்த உலோகம் எங்க பட்டியல்ல இருக்கு. அதை வெச்சு விசாரிக்கணும்னு எழுதி மேலே அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் இந்த நாற்பத்தெட்டும் இந்த ரேக்கை விட்டு நகரக்கூடாது.”

“பதிலு எப்ப வரும்?”

“ஆறு மாசம். ஒரு வருஷமும் ஆகலாம்.”

“வந்து, நெழலப் பாப்பாங்களா?”

அவர் பொய் சொல்லவில்லை. “பேப்பரைப் பார்ப்பாங்க” என்றார்.

“பால் பண்ணைன்னு போட்ட பேப்பர.”

“பொறுமையா இரும்மா. தள்ளிப்போடறதுதான் எங்களால முடியும். தள்ளித் தள்ளி, அப்படியே நின்னுபோன கேசும் உண்டு.” நிழல் ஒட்டின ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

ஆறு மாசம். அவளுக்கு ஆறு நாள் தாங்கவில்லை. ரேக்கைப் பார்க்கப் பார்க்க, அந்த நாயின் கால் இன்னும் தூக்கினபடியே இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு மேஜையில் பேப்பரைப் பார்த்து சரி என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஏழாம் நாள் காலையில் சுத்தியலை எடுத்தாள். நாற்பத்தெட்டிலும் ஆர் அடித்தாள். ரிஜிஸ்டரில், நாற்பத்தெட்டுக்கும் நேரே, ‘அளவு தப்பு, கடைந்தவர்: ரங்கசாமி’ என்று எழுதினாள். காரணம் எழுதாமல் ரிஜெக்ட் செய்ய முடியாது. கடைந்தவர் பெயர் எழுதாமல் காரணம் எழுத முடியாது.

நாச்சிமுத்து ரிஜிஸ்டரை இரண்டு தடவை படித்தார். “ரங்கண்ணனா? நாப்பத்தெட்டுமா?”

அப்பா வந்தார். ஒரு குழாயை எடுத்துக் கட்டை விரலை ஓட்டினார். இன்னொன்றை எடுத்து ஓட்டினார். பட்டறையில் எல்லா லேத்தும் நின்றிருந்தது.

“கையி சரின்னு சொல்லுது” என்றார் மெதுவாக. மகளைப் பார்த்தார். மீட்டரை எடுத்து அவரே அளந்திருந்தால் அந்த நிமிஷமே பொய் உடைந்திருக்கும். அவர் அளக்கவில்லை. மகள் மேல் அவ்வளவு நம்பிக்கை. “அப்ப கையிதான் போச்சாட்ட இருக்குது. வயசாச்சு.”

“இல்லீங்கப்பா…”

“நீ சரியாத்தான் எழுதியிருப்ப கண்ணு. அப்பன்னு பாக்காம எழுதுனே பாரு.”

அதற்குப் பதில் அவர் அறைந்திருக்கலாம். மறுநாள் கோயமுத்தூருக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்கி வந்தார். லேத்தைத் தொடவில்லை. நாச்சிமுத்து எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், விளக்குமாற்றை எடுத்து மற்றவர்கள் கடைந்து தள்ளுகிற இரும்புப் பிசிறைக் கூட்ட ஆரம்பித்தார். ஊரில் இட்லி பூவாகத்தான் வந்தது. யாரும் ‘ரங்கசாமி கை’ என்று சொல்லவில்லை.

இந்துஜா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு ஊர் பிழைத்திருக்கிறது, அதற்கு அப்பா விளக்குமாறு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். துணி காயப்போடுகிறவள் கையைக் கீழே போட்டிருப்பாள். அந்த நினைப்பில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. அதிகாரியின் ஆபீஸுக்கும் கடிதம் போயிற்று. சாமான் ரிஜெக்ட் ஆகிவிட்டதால் ஏற்றுமதி இல்லை. ஏற்றுமதி இல்லாததால் விசாரணை தேவையில்லை, ஃபைல் முடிக்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. பதில் இரண்டே நாளில் வந்தது.

கல்லுக்காட்டுப்புதூரில் ரிஜெக்ட் ஆன சாமானை இரண்டாக வெட்டித்தான் பழைய இரும்புக்குப் போட வேண்டும் என்று விதி. யார் வெட்டுகிறார்கள்? கேஸ் கட்டர் பிடித்து வெட்ட ஒரு ஆள் கூலி ஆகும். வெட்டாமல் போட்டால் எடைக்கடைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். பத்து மைக்ரான் தப்பினது ஒருத்தனுக்கு ஆகாது, இன்னொருத்தனுக்கு ஆகும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்துஜாவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அவள் மனசில் ஆர் என்றால் உலைதான், உருகிப்போய்விடும் என்றுதான் இருந்தது. தன் சுத்தியலை அவள் அவ்வளவு நம்பினாள்.

ஐப்பசி மூன்றாவது சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். பேக்கரிக்குப் பலகாரம் வாங்கப் போனவள், எதிரே எடைக்கடை வாசலில் ஒரு வேன் நிற்பதைப் பார்த்தாள். சுந்தரேசன் வெள்ளைச் சட்டையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். கடை ஆட்கள் குழாய்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள். வெட்ட வெளி. நாலு பக்க விளக்கு இல்லை. உச்சிக்கு வருகிற வெயில். ஏற்றுவதற்கு முன்னால் தார் ரோட்டில் இறக்கி வைத்த இடத்திலெல்லாம் அந்த ஊர் விழுந்து விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஓடினாள். “அது ரிஜெக்ட் சாமானுங்க! அளவு தப்பு!”

சுந்தரேசன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

“நானும் அளந்து பாத்தேம்மா. எல்லாம் நாலுக்குள்ள இருக்கு.”

“எறக்குங்க சார். இது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாது” என்றார். “எனக்கு டிராயிங் கொடுத்தவரும் மூலையை வெட்டித்தான் கொடுத்தார்.” அது உண்மையாகவும் இருக்கலாம். “நான் உனக்கு நன்றி சொல்லணும். நீ மட்டும் ஓகே போட்டிருந்தா அந்த அதிகாரி ஃபைல்ல இது வருஷக்கணக்கா ரேக்குலயே கெடந்திருக்கும். நானும் ஆர்டரையே விட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப இது பழைய இரும்பு. பழைய இரும்புக்குப் பேப்பரே கிடையாதே.”

ஒரு ஆள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசிக் குழாயை ஏற்றினான். அவள் வேன் கதவைப் பிடித்தாள். எடைக்கடைக்காரர் வந்து, “அட விடு அம்மிணி, ரோட்டுல நின்னுக்கிட்டு” என்று கையைப் பிரித்துவிட்டார். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களிடம் கத்தினாள். எல்லோருக்கும் அவளைத் தெரியும், எல்லோருக்கும் அந்தக் குழாய்களையும் தெரியும். ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார், அவள் ஒரு நொடி நம்பினாள். அவர் பிஸ்கட் பாட்டிலைத் திறந்து ஒன்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அப்பாகிட்டச் சொல்லு” என்றார் சுந்தரேசன் வண்டியில் ஏறிக்கொண்டே. “அடுத்து இருநூறு. அவர் கையேதான் வேணும்னு கேட்டிருக்காங்க.”

வேன் போய்விட்டது. ரோட்டில் அந்த ஊர் மட்டும் இருந்தது. பதினொன்றே கால் டவுன் பஸ் வந்து அதன் மார்க்கெட் மேல் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

சத்தம் கேட்டு ரங்கசாமி பட்டறையிலிருந்து வந்திருந்தார். கையில் விளக்குமாறு, மூக்கில் புதுக் கண்ணாடி. மகள் ரோட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “என்ன கண்ணு?” என்றார்.

அவள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், வேகமாக, மூச்சுவிடாமல். பொய்யாக ஆர் அடித்ததை, அவர் பெயரை எழுதியதை, ஃபைல் மூடினதை, அது மூடினதால்தான் வேன் வந்ததை. “நான் சும்மா இருந்திருந்தா அது இங்கயே கெடந்திருக்குமுங்கப்பா. நான்தான் அனுப்பிச்சுட்டேன். பாருங்க, இவங்களையெல்லாம் பாருங்க.” அவர் காலடியில் அந்த மொட்டை மாடி இருந்தது. துணி காயப்போடுகிறவளின் தூக்கின கைகள் மேல் அவர் செருப்பு இருந்தது. அவர் கத்துவார், அடிப்பார், ஓடிப்போய் யாரிடமாவது சொல்வார், குறைந்தபட்சம் காலையாவது எடுப்பார் என்று அவள் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் காலை எடுக்கவில்லை.

“அப்ப அளவு சரியா இருந்துச்சா?” என்றார்.

“என்னங்கப்பா?”

“கொழாயி. அளவு. சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“நாப்பத்தெட்டும்?”

“நாப்பத்தெட்டும்.”

“எத்தன மைக்ரானுக்குள்ள?”

“நாலுக்குள்ள.”

“நாலு” என்றார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினைந்து நாளாகக் கூன் விழுந்திருந்த முதுகு நிமிர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். “கேட்டீங்களா?” என்று பேக்கரியைப் பார்த்துச் சொன்னார், “நாலுக்குள்ள.” டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று, நாங்க அப்பவே சொன்னோமுங்க ரங்கண்ணா, உங்க கையாவது தப்பறதாவது என்று சந்தோஷப்பட்டார்கள். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்கள்.

அவர் மகளின் தலையில் ஒருதரம் கையை வைத்தார். விளக்குமாற்றை அவள் பக்கத்திலேயே ரோட்டில் சாய்த்துவிட்டு, மார்க்கெட்டையும் பஸ் ஸ்டாப்பையும் மிதித்துக்கொண்டு வேகமாகப் பட்டறைக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய லேத் ஓடுகிற சத்தம் கேட்டது.